கடதாசியில் எழுதாத எண்கள்

அருந்ததியோடு வேலை செய்தவர்கள் அவளைப் பற்றி இரண்டே விஷயம்தான் சொல்வார்கள். வாய் பொல்லாதது, கை சுத்தமானது. கை சுத்தம் என்பது கேபிள் கட்டுவதில். அவள் இழுத்த வயர் தரையில் புரளாது, கணினிகளை இணைக்க அவள் பூட்டிய சுவிட்ச் காரணமில்லாமல் நின்றுபோகாது. வாயைப் பற்றிச் சொல்வதானால், கொழும்பு கொள்ளுப்பிட்டியில் அவள் வேலை செய்த காப்புறுதிக் கம்பனியின் ஆறு மாடியிலும் அவளிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாரும் இல்லை.

வாய் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. நகரத்தில் எங்கேயாவது குண்டு வெடித்தால் அடுத்த நாள் மத்தியானம் அவள் சாப்பிடுகிற மேசையில் மற்ற நாற்காலிகள் வெறுமையாக இருக்கும். வாசலில் நிற்கிற காவலாளி மற்றவர்களுக்குத் தலையாட்டி விட்டு, அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் திறந்து சோற்றை விரலால் கிளறிப் பார்ப்பான். ஒரு நாள் அவள் அந்தப் பெட்டியை அப்படியே அவன் மேசையில் வைத்து, "தொட்டதை நீயே தின்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு மேலே போனாள். அதற்குப் பிறகு அவன் கரண்டியால் கிளறினான். அவ்வளவுதான் மாற்றம்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கொழும்புத் தமிழருக்கு மடியில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தாலே போதும். தொண்ணூற்றாறில், அவள் வேறொரு கம்பனியில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம், பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் அவளுடைய கைப்பையிலிருந்து அரைத்தாள் ஒன்று அகப்பட்டது. பெட்டி பெட்டியாகக் கீறி, பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து, பக்கத்தில் எண்கள் எழுதிய தாள். எந்தக் கணினி எந்தச் சுவிட்சில் கொழுவியிருக்கிறது என்கிற படம் அது. இந்தப் பெட்டி எந்தக் கட்டடம், இந்தக் கோடு எந்த வீதி என்று மூன்று நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, தான் கீறியது என்ன என்று.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. அன்றிலிருந்து அருந்ததி வேலையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. படம் கீறுவதில்லை, கொப்பி வைப்பதில்லை, கேபிள்களில் பெயர் ஒட்டுவதில்லை. எல்லாம் தலைக்குள். கணினிப் பகுதியின் மேலாளர் ஸ்ரனிஸ்லாஸ் இதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார். அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், ஐம்பது வயது, பொலிஸ்காரனே வாய் பிளக்கிற மாதிரிச் சிங்களம் பேசுவார். அவரும் அலுவலகக் கடதாசி எதையும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. வேலையை எழுதி வைக்கச் சொல்லி அவளை இரண்டு தடவை கேட்டார். "முடியட்டும், எழுதுறன்" என்றாள். ஏன் எழுதமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு தமிழன் மேலாளராக இருந்தபடியால்தான் இந்தக் கூத்து நடந்தது; வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே எழுதி வாங்கியிருப்பார்கள்.

இரண்டாயிரத்து ஏழில் கம்பனி புதிய ஸ்டோரேஜ் வாங்கியது. நான்கு சேர்வர்கள் கூடி ஒரே களஞ்சியமாக வேலை செய்கிற கிளஸ்டர். நாட்டிலுள்ள எல்லாக் கிளைகளின் காப்புறுதிப் பத்திரங்களும் அதற்குள் போக வேண்டும். விற்றவர்களின் எஞ்சினியர், யுத்தம் நடக்கிற ஊருக்கு வரமாட்டேன் என்று சிங்கப்பூரிலேயே இருந்துவிட்டார். ஆகவே இரண்டு சுவிட்சையும், அவற்றில் ஓடுகிற சப்நெட்டுகளையும் அமைக்கிற வேலை அருந்ததியின் தலையில் விழுந்தது. சப்நெட் என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஒரே கட்டடத்துக்குள் ஓடுகிற தரவுகளுக்கு வெவ்வேறு வழி வகுத்து, ஒரு வழியால் போவது மற்ற வழியால் போவதோடு முட்டாமல் பார்த்துக்கொள்வது.

எழுதாமல் எண்களை நினைவில் வைக்க அவள் ஒரு வழி கண்டிருந்தாள். வெள்ளவத்தையில் காலி வீதியில் நின்றால் கண்ணில் படுகிற பஸ் நம்பர்களையே சப்நெட்டுகளுக்குக் கொடுத்தாள். களஞ்சியத்துக்குப் போகிற முதல் வழிக்குப் பாணந்துறைப் பஸ்ஸின் நூறு. அது அறுந்தால் ஓடுகிற இரண்டாம் வழிக்கு மொறட்டுவைப் பஸ்ஸின் நூற்றொன்று. சேர்வர்கள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கிற வழிக்கு மட்டக்குளி நூற்றைம்பத்தைந்து. அவற்றை மேய்க்கிற வழிக்கு நாரஹேன்பிட்டி நூற்று நாற்பத்தொன்று. மறந்தாலும் வீதிக்கு வந்தால் ஞாபகம் வரும்.

பௌர்ணமிப் போயா தினத்தோடு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்தது. சனிக்கிழமை சுவிட்சுகளை அமைத்து, ஞாயிறும் திங்களும் தரவுகளை மாற்றி, செவ்வாய் காலை எல்லாக் கிளைகளும் புதியதில் திறப்பது என்பது ஏற்பாடு. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் இருந்த ஒழுங்கையைப் பொலிஸும் ஆமியும் சுற்றி வளைத்தார்கள். கொழும்பில் தங்குகிற தமிழர் பதிய வேண்டிய பொலிஸ் பதிவில் அவளுடைய விலாசம் ஹெவ்லொக் டவுன் என்று இருந்தது. வெள்ளவத்தைக்கு வந்து இரண்டு மாதம். புதிய விலாசத்துக்கு விண்ணப்பம் கொடுத்த துண்டு கையில் இருந்தது. ஆனால் அவர்களுடைய புத்தகத்தில் அது ஏறவில்லை. புத்தகத்தில் ஏறாதது அவளுடைய குற்றம் என்று முடிவாயிற்று. வீட்டுக்காரி மர்லியா வாசல்வரை வந்து, "இவ கம்பனியில வேலை செய்ற புள்ள, நான் சொல்றேன்" என்று மன்றாடினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நிலையத்தில் இருந்த சார்ஜன்ட் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அலுத்துப்போன மனிதன். தங்கச்சி என்கிற மாதிரி நங்கி என்று கூப்பிட்டு, சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னான். வேலைத்தலத்து அதிகாரி ஒருவர் நேரில் வந்து, இவளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தால் விடலாம். இல்லாவிட்டால் நாளைப் பின்னேரம் நான்கு மணிக்குப் பஸ் வரும். தெற்கே உள்ள முகாமுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டாள். "அது எனக்குத் தெரியாது நங்கி" என்றான். உண்மையாகவே அவனுக்குத் தெரியாது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மர்லியா தொலைபேசியில் சொல்ல, பத்து மணிக்கு ஸ்ரனிஸ்லாஸ் வந்தார். அவரைக் கண்டதும் நெஞ்சு இளகிய அருந்ததிக்கு, அவர் கையில் இருந்த நாற்பது பக்கக் கொப்பியைக் கண்டதும் எல்லாம் விளங்கிவிட்டது.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

"அதைக் கேக்கவோ கொப்பியோட வந்தனீங்கள்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கம்பனி டிரெக்டர் கத்திக்கொண்டிருக்கிறார், அருந்ததி. செவ்வாய்க்கிழமை கிளை எல்லாம் திறக்க வேணும். உங்கட தலைக்குள்ள இருக்கிறதைச் சொல்லுங்க. நான் போய் அடிச்சிடுறேன்."

"கையெழுத்தை வையுங்கோ. நானே வந்து செய்து தாறன். ஒரு மணித்தியால வேலை."

"நான் வச்சா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதா? தமிழனுக்குத் தமிழன் பொறுப்பு நிண்டா ரெண்டு பேரும் சந்தேகப் புத்தகத்தில ஏறுவோம். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகள்."

"அப்ப டிரெக்டரை வரச் சொல்லுங்கோ. அவர் சிங்களவர், அவருக்கு ஒரு பயமும் இல்லையே."

ஸ்ரனிஸ்லாஸ் நிலத்தைப் பார்த்தார். "கேட்டேன். உங்கட ஆள்தானே, நீயே வை எண்டுட்டார்."

அருந்ததிக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் அந்தப் பொலிஸ்காரர்கள் மேல்கூட வரவில்லை. இருபது வருடமாகக் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்தே மேலாளர் ஆன மனிதன். சிங்களத்தாலும் பெயராலும் எல்லாச் சாவடியையும் கடந்து, ஞாயிற்றுக்கிழமை கோட் போட்டுக் கோவிலுக்குப் போகிறவர். இவருக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறபடியால் நான் முகாமுக்குப் போகவேண்டுமோ என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒரு எண்ணைப் பிழையாகச் சொல்லிவிட்டால் போதும், அலைந்து திரியட்டும் என்று நினைத்தாள். ஆனால் பிழையான எண் அவள் வாயால் வராது; வேலையில் பொய் சொல்வது அவளுக்கு எச்சில் சோறு மாதிரி. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வது, கேட்காததைச் சொல்லாமல் விடுவது என்று தீர்மானித்தாள். சொல்லச் சொல்ல அவர் எழுதினார். முதல் சுவிட்சில் பத்து புள்ளி நூறு, இரண்டாவதில் பத்து புள்ளி நூற்றொன்று, எந்தத் துளையில் எந்தச் சேர்வர், சப்நெட்டின் மாஸ்க் என்ன, கடவுச்சொல் என்ன.

சார்ஜன்ட் எழுந்து வந்து கொப்பியை எட்டிப் பார்த்தான். "இதெல்லாம் என்ன?"

"பஸ் நம்பர்" என்றாள் அருந்ததி சிங்களத்தில்.

அவன் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். நூற்றைம்பத்தைந்து மட்டக்குளிக்குப் போவது அவனுக்கும் தெரிந்த விஷயம். தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். ஸ்ரனிஸ்லாஸ், முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார். எதை முடித்துவிட்டு என்று அவள் கேட்கவில்லை.

அவள் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு எண். பெட்டி பிரித்து எடுத்த புதுச் சுவிட்ச், ஆயிரத்து ஐந்நூறு அளவுக்கு மேற்பட்ட தரவுப் பொதியைக் கடக்க விடாது. களஞ்சியம் வேகமாக ஓட வேண்டும் என்று சேர்வர்களையும் ஸ்டோரேஜையும் அவள் போன கிழமையே ஒன்பதாயிரத்துக்கு மாற்றி வைத்திருந்தாள். சுவிட்சையும் அந்த அளவுக்கு மாற்றாவிட்டால் சின்னச் சின்னச் சேதிகள் எல்லாம் போய் வரும், எல்லா விளக்கும் பச்சையாக எரியும். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினால் மட்டும் அப்படியே நின்றுவிடும். ஏன் நின்றது என்று ஒரு வரியும் திரையில் வராது.

சீமெந்துத் தரையில் இன்னும் பதினொரு பெண்களோடு உட்கார்ந்தபடி அவள் அவருடைய நாளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்குச் சுவிட்சுகளை அமைத்து முடிப்பார். ஒரு மணிக்குச் சோதித்துப் பார்த்து, எல்லாம் பதில் சொல்கிறது என்று டிரெக்டருக்குச் சொல்வார். இரண்டு மணிக்குப் பெரிய கோப்பு ஒன்றை ஓடவிட்டுப் பார்ப்பார். மூன்று மணிக்கு வியர்க்கும். நன்றாக வியர்க்கட்டும் என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பக்கத்தில் இருந்த கிராண்ட்பாஸ் பெண் ஒருத்தி, "என்ன அக்கா சிரிக்கிறீங்க" என்று கேட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர் வந்தார். நேற்றுப் போட்ட அதே சேட்டு, மழிக்காத முகம், கோவிலுக்கும் போகவில்லை. "பிங் பண்ணினா எல்லாம் பதில் சொல்லுது. தரவை மாத்தத் தொடங்கினா நிக்குது. என்ன விட்டுட்டீங்க?"

"பேனை கொண்டு வந்தனீங்களோ?"

சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். பிறகு சார்ஜன்டின் மேசைக்குப் போனார். படிவம் இரண்டு பக்கம். பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், வீட்டில் இருப்பவர்கள், தகப்பன் பெயர். தகப்பன் பிறந்த இடம் என்ற கட்டத்தில் அவருடைய பேனை நின்றது. அருந்ததி கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனை என்றுதான் எழுதுவார் என்று நினைத்தாள். அவர் மன்னார் என்று எழுதினார், யுத்தம் நடக்கிற வடக்கிலுள்ள ஊர். சார்ஜன்ட் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். அதுவரை மஹத்தயா என்று மரியாதையாகக் கதைத்தவன், அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

ஓட்டோவில் கொள்ளுப்பிட்டிக்குப் போகிற வழியில் அவள்தான் வாயைத் திறந்தாள். "ஒன்பதாயிரம். ரெண்டு சுவிட்சிலும் மாத்த வேணும். மாத்தினால் ஒருக்கா நிப்பாட்டிப் போட வேணும்."

"நேத்தே சொல்லியிருக்கலாம்."

"நேத்தே கையெழுத்து வச்சிருக்கலாம்."

கம்பனி வந்தது. அவள் பத்து நிமிடத்தில் மாற்றினாள். தரவு மடை திறந்த மாதிரி ஓடத் தொடங்கியது. ஸ்ரனிஸ்லாஸ் பக்கத்தில் நின்று ஒன்பதாயிரத்தையும் கொப்பியில் எழுதினார். ஏன் என்ற காரணத்தையும் கீழே எழுதினார். செவ்வாய்க்கிழமை கிளைகள் திறந்தன. டிரெக்டர் அவர்களுடைய மாடிக்கு இறங்கி வந்து இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். அவள் முகாமுக்குப் போக இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஸ்ரனிஸ்லாஸ் வேலைக்கு வரவில்லை. பத்தரைக்குக் காவலாளி தொலைபேசியில் கூப்பிட்டு, யாரோ பெண் வந்து அருந்ததியைக் கேட்டு நிற்கிறாள், உள்ளே விடமுடியாது என்றான். இறங்கிப் போனாள். ஸ்ரனிஸ்லாஸின் மனைவி றோஸி வெயிலில் நின்றாள். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை. அழுது முடித்தவள் மாதிரி இருந்தாள்.

"காலையில வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போயிட்டாங்க" என்றாள். "வெள்ளவத்தையில யாருக்கோ பொறுப்பு நிண்டதாம், மன்னார் ஆளாம். உங்களுக்கு எண்டு பிறகுதான் விளங்கிச்சு."

அருந்ததி நேரே வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்துக்கு ஓட்டோ பிடித்தாள். அவருக்கு நான் பொறுப்பு, எங்கே வைக்க வேண்டும் என்று சார்ஜன்டிடம் கேட்டாள். அவன் கோபத்தோடு பேசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் பொறுமையாகத்தான் சொன்னான். "உனக்குப் பொறுப்பு அவன். அவனுக்குப் பொறுப்பு நீயா? இப்போது கொண்டுபோயிருப்பது எங்கள் ஆட்கள் இல்லை நங்கி, மேலிடம். கம்பனியின் பெரிய ஆள் கடிதம் கொடுத்தால் பார்ப்பார்கள். நாளைக்குள் என்றால் நல்லது."

திரும்பி வந்து, றோஸியை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, அருந்ததி டிரெக்டரின் அறைக்குப் போனாள். அந்த அறைக்குள் அவள் முன்பும் போயிருக்கிறாள், சண்டை பிடிக்க. இப்போதுதான் முதல் தடவையாகக் கெஞ்சினாள். ஒரு கடிதம், நான்கு வரி, இருபது வருடமாக எங்களிடம் வேலை செய்கிறார் என்று. டிரெக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதன் மாதிரிக்கூட இருக்கவில்லை. கம்பனியின் பெயரை இந்த நேரத்தில் இப்படிப்பட்ட விஷயத்தில் இழுக்க முடியாது என்றார்.

பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்ரனிஸ்லாஸின் கொப்பி, புதன்கிழமை அவரே இருந்து தட்டச்சுச் செய்து கொடுத்ததாம். படம் கீறியிருந்தது. பெட்டி பெட்டியாக, கோடுகளோடு, எண்களோடு. பதினொரு வருடமாக அவள் எழுதப் பயந்த அத்தனையும் அதில் இருந்தது.

"இதில் இல்லாதது ஏதாவது அவருக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அருந்ததி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு குறை, ஒரே ஒரு குறை அகப்படாதா என்று தேடினாள். நூறும் நூற்றொன்றும் சரி. மாஸ்க் சரி. ஒன்பதாயிரம் சரி, அடியில் கோடும் போட்டிருந்தார். அந்த ஒன்றை விற்றுத்தான் அவள் வெளியே வந்தாள். வாங்கினவரை வெளியே எடுக்க இப்போது அவளிடம் விற்க ஒன்றும் இல்லை.

"இருக்கு" என்றாள். வேலையைப் பற்றி அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. "நிறைய இருக்கு. அவர் இல்லாவிட்டால் இது ஒரு மாதமும் ஓடாது."

டிரெக்டர் கோப்பை மூடினார். "அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே" என்றார்.

படியால் இறங்கினாள். மின்தூக்கி இருந்தும் ஆறு மாடியையும் படியால் இறங்கினாள். பின்பக்கத்தால் போக ஒரு கதவு இருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தாள். பிறகு முன்வாசலுக்குப் போனாள். றோஸி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன சொன்னாரு?"

கடிதம் வரும், யோசிக்கிறார் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து வெயிலில் நிற்கிற ஒருத்திக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"நான் வெளியில இருக்கிறனாம்" என்றாள். "அதால அவர் தேவையில்லையாம்."